மைக்கில் பத்தாயிரம், அடிக்கட்டையில் எத்தனை? கால்பந்துக் கூட்டத்தை எண்ணும் வழி

டோர்னமென்ட் கமிட்டியில் புதிதாகச் சேருகிற பையன்கள் கேட்கிற வேலை ஒன்று, நாங்கள் கொடுக்கிற வேலை வேறொன்று. அவர்களுக்கு மைக் வேண்டும், இல்லையென்றால் லைன்ஸ்மேன் கொடி வேண்டும். எங்களுக்கோ கேட்டில் நிற்க ஆள் வேண்டும். கேட்டில் நின்று என்ன செய்வது என்று எழுதி வைத்த தாள் எதுவும் எங்களிடம் இருந்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் நானே வாயால் சொல்லி வந்தேன். இந்த வருஷம் தொண்டை கட்டிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

டெல்டா என்றால் கபடி என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இறங்கி அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வரிசையில் வந்து பார்த்தால் வேறு கதை. சம்பா அறுவடை முடிந்து, தரிசில் தெளித்த உளுந்தும் எடுத்தான பிறகு, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் இருக்கிற கோடை இடைவெளியில்தான் எங்கள் பக்கம் பந்தாட்டம். சவுக்குக் கட்டை நட்டு, கீற்றுத் தட்டி கட்டி, மைதானத்தைச் சுற்றி மறைத்து, ஒரு பக்கம் மூங்கில் கேலரி, எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. எழுவர் ஆட்டம். பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசலில் சொல்கிற மக்ரிப் பாங்குக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

சில வருஷத்துக்கு முன் ஓர் இறுதியாட்டத்தில் எங்கள் மைக்காரர் உற்சாகம் தாங்காமல், "பத்தாயிரம் ரசிகர்கள் கூடியிருக்கும் இந்த மாபெரும் மைதானத்தில்" என்று முழங்கினார். மறுநாள் காலை சுண்டல் விற்கிறவர் என்னைத் தேடி வந்தார். "அண்ணே, அரையிறுதி அன்னைக்கே நாளைக்குப் பத்தாயிரம் பேருன்னு மைக்ல சொன்னீங்க. நம்பி ரெண்டு மடங்கு ஊறப் போட்டேன். பாதி புளிச்சுப் போச்சு. நெசமா எத்தனை பேருண்ணே வந்தாங்க?" என்னிடம் பதில் இல்லை. டிக்கெட் எத்தனை விற்றது என்று தெரியும். எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியாது. அந்த இரண்டும் ஒன்றல்ல என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எந்த எண் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊர்க் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டில் ஒரு கணக்கு இருக்கும். சமையல்காரர் கையில் எத்தனை இலை விழுந்தது என்று இன்னொரு கணக்கு. ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது மூன்றாவது. மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு வராமல் இருந்தவர் உண்டு. மொய் எழுதாமல் சாப்பிட்டுப் போனவரும் உண்டு. மூன்று கணக்கும் உண்மை, ஆனால் மூன்றும் ஒரு நாளும் ஒத்துப்போகாது.

பந்தாட்டக் கூட்டமும் அப்படித்தான். விற்ற டிக்கெட் முதல் எண். கேட்டைத் தாண்டி உள்ளே வந்த தலை இரண்டாவது. ஒரே நேரத்தில் உள்ளே நிற்கிற தலை மூன்றாவது. பொருளாளருக்கு முதல் எண் போதும். ஸ்பான்சருக்கும் சுண்டல்காரருக்கும் இரண்டாவது வேண்டும். கேலரி தாங்குமா, கூட்டம் கலையும்போது வழி போதுமா என்று கவலைப்படுகிறவருக்கும், பந்தோபஸ்துக்கு வருகிற போலீஸுக்கும் வேண்டியது மூன்றாவது. யார் வந்து "எவ்வளவு கூட்டம்?" என்று கேட்டாலும், எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் இல்லை. 1921 மே 7 அன்று இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் கவுன்ட்டிக்கும் லெஸ்டர் சிட்டிக்கும் இரண்டாம் டிவிஷன் ஆட்டம். ஸ்டாக்போர்டின் சொந்த மைதானம் ரசிகர்கள் செய்த ரகளையால் மூடப்பட்டிருந்ததால், மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டில் நடந்தது. அந்த ஆட்டத்துக்கு என்று கேட்டில் காசு கொடுத்து வந்தவர்கள் 13 பேர். ஆங்கிலேய லீக் வரலாற்றிலேயே மிகச் சிறிய கூட்டம் என்று அந்தப் பதின்மூன்று இன்றைக்கும் புத்தகங்களில் நிற்கிறது. ஆனால் அதே மைதானத்தில் அன்றைக்கு முன்னதாக யுனைடெட்டும் டெர்பியும் ஆடியிருந்தன. அதைப் பார்க்க வந்தவர்களில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் எழுந்து போகாமல் அடுத்ததையும் உட்கார்ந்து பார்த்துவிட்டார்கள். கேட் கணக்கில் பதின்மூன்று, படிக்கட்டில் ஆயிரத்துக்கு மேல். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கிற கமிட்டிகள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்களும் அரையிறுதி இரண்டையும் ஒரே மாலையில் வைப்பவர்கள்தான்.

டிக்கெட் கட்டு

முதல் எண் சுலபமானது, ஒழுங்காக அச்சடித்தால். நூறு நூறாகத் தைத்த கட்டு, ஒவ்வொரு டிக்கெட்டிலும் தொடர் எண், கிழித்தால் கட்டில் நிற்கிற அடிக்கட்டையிலும் அதே எண். நாற்காலிக்கு ஒரு நிறம், கேலரிக்கு ஒரு நிறம், தரைக்கு ஒரு நிறம். தினமும் நிறத்தை மாற்ற முடியாவிட்டால் தேதியை முத்திரையாகக் குத்துங்கள். நேற்றைய டிக்கெட் இன்றைக்கு உள்ளே வருவதை இது ஒன்றுதான் தடுக்கும்.

கட்டைக் கொடுக்கும்போது ஒரு நோட்டில் யாரிடம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வரும்போது விற்காத முதல் எண் எது என்று பாருங்கள். 2301-ல் தொடங்கிய கட்டுகளில் விற்காமல் நிற்கிற முதல் டிக்கெட் 2764 என்றால், விற்றது 463. காசை எண்ணுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும். காசை எண்ணிவிட்டு எண்ணைத் தேடினால், கை தானாகக் காசுக்கு ஏற்ற எண்ணையே எழுதும்.

ஓசி பாஸுக்கும் கட்டு போடுங்கள். இதைச் சொன்னால் கமிட்டியில் சிரிப்பார்கள். ஓசிக்கு எதற்கு நம்பர் என்பார்கள். நன்கொடையாளர் வீட்டுக்குப் பத்து, பஞ்சாயத்து ஆட்களுக்கு இருபது, ஆடுகிற ஒவ்வொரு அணிக்கும் பதினைந்து என்று போனால், ஓசியே ஒரு கேலரியை நிரப்பிவிடும். காசு வராத தலைக்கும் இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், அவசரத்தில் வெளியே போக வழி வேண்டும்.

பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இலவசம் என்று வைப்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அவர்களை எண்ணாமல் விடுவது கெட்ட வழக்கம். அவர்கள் வருகிற வழியிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

ஒரு தடவை எங்கள் கணக்கு இடித்தது. உள்ளே கூட்டம் நெரிகிறது, டிக்கெட்டோ பாதிகூட விற்கவில்லை. மாலை முழுக்கக் கேட்டில் நின்று பார்த்தேன். ஒரு பையன் நீட்டிய டிக்கெட் கையில் ஈரமாக ஒட்டியது. நான்காக மடித்த மடிப்பு, ஓரம் பஞ்சாகப் போயிருந்தது. அப்போதுதான் வாங்கிய டிக்கெட் அப்படி இருக்காது. விசாரித்தால், கேட்டில் நின்ற நம் ஆள் கிழிக்காமல் உள்ளே விட்டிருக்கிறார். உள்ளே போன டிக்கெட் கீற்றுத் தட்டி இடுக்கு வழியே வெளியே வந்து, அடுத்தவன் கையேறி, மறுபடி உள்ளே. ஒரே டிக்கெட் நாலைந்து தலைக்கு. அதனால்தான் சொல்கிறேன்: கேட்டில் டிக்கெட்டை இரண்டாகக் கிழிக்க வேண்டும், பாதியைச் சாக்கில் போட வேண்டும், ராத்திரி அந்தப் பாதிகளை எண்ண வேண்டும். அடிக்கட்டைக் கணக்கும் சாக்குக் கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் கேட் சுத்தம். சாக்கில் குறைவாக இருந்தால், வாங்கியவர் வரவில்லை அல்லது நம் ஆள் கிழிக்கவில்லை.

கேட்டில் தலையை எண்ணுவது

இரண்டாவது எண்ணுக்குக் கருவி வேண்டும் என்று பயப்படாதீர்கள். விரலில் மாட்டிக்கொண்டு கட்டைவிரலால் அமுக்குகிற சின்ன கவுன்ட்டர், தஸ்பீஹ் ஓதுகிற பெரியவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். கடைத்தெருவிலேயே கிடைக்கும். கேட்டுக்கு ஒன்று. டிக்கெட் கிழிக்கிறவரிடம் அதைக் கொடுக்காதீர்கள், அவருக்குக் கை இரண்டும் வேலையாக இருக்கும். பக்கத்தில் ஒரு பையனை உட்கார வையுங்கள். அவனுக்கு ஒரே வேலை: தலை தெரிந்தால் ஓர் அமுக்கு. தோளில் இருக்கிற குழந்தையும் தலைதான்.

கால் மணிக்கு ஒரு முறை கவுன்ட்டரில் என்ன இருக்கிறது என்று நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மொத்தத்தைவிட, கூட்டம் எந்த நேரத்தில் பொங்கியது என்பதே அடுத்த வருஷத்துக்கு உதவும் தகவல். எங்கள் ஊரில் மாலை அஸர் தொழுகை முடிந்த அரைமணி நேரத்தில்தான் பாதிக்கு மேல் வருகிறார்கள். இதை எழுதி வைத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை மூன்று மணிக்கே நான்கு கேட்டையும் திறந்து வைத்து, ஆள்களை வெயிலில் வாட்டிக்கொண்டிருந்தோம்.

டீ குடிக்க வெளியே போய்த் திரும்புகிறவரை மறுபடி அமுக்கிவிடக் கூடாது. புறங்கையில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி அனுப்புங்கள். முத்திரையோடு வந்தால் அமுக்கக் கூடாது என்று பையனிடம் சொல்லி வையுங்கள்.

எத்தனை கேட் வேண்டும்? பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கு 'கிரீன் கைடு' என்று ஒரு கையேடு உண்டு. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971 ஜனவரி 2 அன்று ஆட்டம் முடிந்து இறங்கும்போது படிக்கட்டில் நெரிசலாகி 66 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1973-ல் வந்த கையேடு அது. ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியும் என்று கணக்குப் போடக் கூடாது என்கிறது. நிமிஷத்துக்குப் பதினோரு பேர். நம் ஊர்க் கேட்டில் டிக்கெட் கிழித்து, சில்லறைக்கு வாதாடி, தெரிந்தவரிடம் நலம் விசாரித்து அனுப்புவதில் பதினோரு பேர் போனாலே அதிகம். அரைமணியில் மூவாயிரம் பேர் வருவார்கள் என்றால், ஒரு வழிக்கு 330 வீதம் ஒன்பது, பத்து வழி வேண்டும். நாங்கள் நான்கு வைத்துக்கொண்டு, ஏன் தட்டி பிய்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே பெயர் போதும்: ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரம், லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்க்கிற 10,100 டிக்கெட்டுக்கு ஏழே சுழல்கதவுகள். மணிக்கு 660 என்று வைத்தால், எல்லோரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்க வெளியே நெரிசல் முற்றியது. போலீஸ், வெளியேறும் கதவு ஒன்றைத் திறந்துவிட்டது. சில நிமிஷங்களில் இரண்டாயிரம் பேர்போல அந்த வழியாகப் போய், நேர் எதிரே இருந்த சுரங்க நடை வழியே ஏற்கெனவே நிறைந்திருந்த, கம்பி வேலியிட்ட நடுக் கட்டங்களில் விழுந்தார்கள். 97 உயிர்கள் போயின.

எண்ணுகிறவன் என்கிற முறையில் என்னை உறுத்துவது வேறொன்று. சுழல்கதவில் எண்ணும் மெஷின் இருந்தது. அது அந்த முனை முழுவதற்கும் சேர்த்து எத்தனை பேர் என்று காட்டியது. கம்பி வேலி போட்டுப் பிரித்த எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் என்று காட்டவில்லை. ஓரக் கட்டங்களில் இடம் இருந்தது, நடுவில் மூச்சு விட முடியவில்லை, மொத்த எண்ணோ வரம்புக்குள் இருந்தது. ஆகவே கேலரிக்குத் தனிக் கேட், தனி கவுன்ட்டர், தனி நிற டிக்கெட். கேலரி கட்டுகிற மேஸ்திரியிடம் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி வாங்குங்கள். அந்த எண் வந்ததும் ஏணியை மறித்துவிடுங்கள், கமிட்டித் தலைவரின் மச்சானே வந்து நின்றாலும். 2022 மார்ச்சில் மலப்புரம் மாவட்டத்தில் ஒரு செவன்ஸ், அதாவது எழுவர் ஆட்ட, இறுதியாட்டத்தில் தற்காலிகக் கேலரி சரிந்து ஏராளமானோர் காயம்பட்டார்கள். அதுவும் நம்முடையதைப் போல மூங்கிலும் கட்டையும் கொண்டு எழுப்புகிற வகைதான்.

தட்டிக்கு வெளியே

தென்னை மரத்தில் ஏறியவன், மாடியில் குடும்பத்தோடு உட்கார்ந்தவர், புல்லட் சீட்டில் ஏறி நின்று தட்டிக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர் யாரும் டிக்கெட்டில் வரமாட்டார்கள். டிக்கெட்டே இல்லாத லீக் ஆட்டங்களுக்குக் கேட்டே இருக்காது. அப்போது எப்படி எண்ணுவது?

விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்குமே, வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடித்து, எடை போட்டு, முழுப் பரப்புக்கும் மகசூல் கணக்கிடுவார்களே, அதேதான். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், மாணவர் போராட்டக் கூட்டங்களைத் தன் ஜன்னல் வழியே பார்த்து இதே யோசனைக்கு வந்தார். கீழே சதுக்கத்தின் தளம் கட்டம் கட்டமாக இருந்தது. சில கட்டங்களில் தலையை எண்ணி, மொத்தக் கட்டத்தால் பெருக்கினார். அவர் கொடுத்த அளவுகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: கை நீட்டினால் இடிக்காத தளர்ந்த கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருங்கிய கூட்டத்தில் 4.5, நெரிசலில் 2.5.

நம் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் 269 சதுர அடி. அதற்குள் 27 தலை இருந்தால் தளர்வு. 60 இருந்தால் நெருக்கம். நூறைத் தொட்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆட்களை நகர்த்துங்கள்.

செய்முறை இது. ஆட்டத்துக்கு முதல் நாள், கோடு போட வைத்திருக்கிற சுண்ணாம்பால் பார்வையாளர் நிற்கிற தரையில் மூன்று இடத்தில் கட்டம் போடுங்கள்: கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒன்று, நடுக்கோட்டுப் பக்கம் ஒன்று, மூலையில் ஒன்று. எல்லாம் நடுவிலேயே போட்டால் கணக்கு ஊதிப்போகும், ஏனென்றால் நடுவில்தான் கூட்டம் அடர்த்தி. ஆள் நின்ற பிறகு கோடு தெரியாது என்பதால் நான்கு மூலையிலும் சவுக்குக் குச்சியில் துணி கட்டி நடுங்கள். ஆட்டத்தின்போது கேலரி உச்சியிலிருந்தோ பக்கத்து மாடியிலிருந்தோ போனில் படம் எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி, கட்டத்துக்குள் இருக்கிற தலைகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணுங்கள்.

பிறகு பரப்பு. டேப் இல்லாவிட்டால் காலடியால் அளங்கள். நீளப் பக்கம் 300 அடி, கூட்டம் நிற்கிற ஆழம் 10 அடி என்றால் 3,000 சதுர அடி. ஆளுக்கு 4.5 என்றால் 660, 670 பேர். வந்த எண்ணைப் பார்த்து ஏமாற்றமாக இருக்கும். கண்ணுக்கு இரண்டாயிரம் போலத் தெரிந்த கூட்டம் அறுநூற்றுச் சொச்சமாகச் சுருங்கும். எனக்கும் முதல் தடவை நம்பிக்கை வரவில்லை, போய் மறுபடி அளந்தேன். தரையில் நிற்கிற கண்ணுக்கு முன்வரிசைத் தலைகள் பின்னால் இருக்கிற காலி இடத்தை மறைத்துவிடும். அதனால்தான் மைக்காரர் எப்போதும் அதிகம் சொல்வார், பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை.

எப்போது படம் எடுப்பது என்பதும் முக்கியம். இடைவேளையில் எடுத்தால் பாதி பேர் டீக்கடையில் இருப்பார்கள். கடைசி நேரத்தில் எடுத்தால் தோற்கிற அணியின் ஊர்க்காரர்கள் கிளம்பியிருப்பார்கள். இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து எடுங்கள். அதுதான் உச்சம். மூன்றாவது எண் அதுவே.

இந்தக் கணக்கு பழகிவிட்டால் லட்சங்களைக் கேட்டு மிரள மாட்டீர்கள். கும்பகோணம் மகாமகக் குளம் ஏறத்தாழ ஆறு ஏக்கர், அதாவது இரண்டு லட்சத்து அறுபதாயிரம் சதுர அடி. படியையும் தண்ணீரையும் சேர்த்து ஆளுக்கு 4.5 சதுர அடி என்று நெருக்கி நிறுத்தினாலும் ஒரு நேரத்தில் 58,000 பேர்தான் நிற்க முடியும். அப்படியானால் லட்சக்கணக்கானோர் நீராடினார்கள் என்பது பொய்யா? இல்லை. ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி. நாள் முழுக்க வந்து போனவர்கள் லட்சம், ஒரு நேரத்தில் நின்றவர்கள் ஆயிரங்கள். இரண்டாவது எண்ணை மூன்றாவது எண்ணாக எடுத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் டீக்கடைதோறும் இருக்கிறார்கள்.

பெரிய கிளப்புகள் சொல்கிற எண்

டிவியில் ஆட்டம் பார்க்கும்போது திரையின் ஓரத்தில் கூட்ட எண்ணிக்கை வரும். கடைசி இலக்கம் வரை துல்லியமாக இருக்கும். துல்லியத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக் கிளப்புகள் பெரும்பாலும் அறிவிப்பது விற்ற டிக்கெட்டை. சீசன் டிக்கெட் வாங்கியவர் வீட்டில் போர்வைக்குள் இருந்தாலும் அவரும் அதில் ஒரு தலை. நம் மொய் நோட்டுதான்.

2018 மார்ச் 1 இரவு ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். லண்டனில் கடும் பனி. டிவியில் வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலி காலியாகத் தெரிந்தது. அறிவித்த எண்ணிக்கை 58,420. அதே 2018-ல், வெஸ்ட் ஹாம் ஆடுகிற லண்டன் ஸ்டேடியத்தின் உண்மையான வருகைக் கணக்கு அங்குள்ள தகவல் அறியும் சட்டத்தின் வழியே வெளியே வந்தது. கிளப் சொன்ன சராசரி 55,000-க்கு மேல், உள்ளே நுழைந்தவர்கள் சராசரியாக 43,000 போல. ஆட்டத்துக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வித்தியாசம், ஒரு சிறிய ஸ்டேடியமே நிறையும். டிக்கெட்டை ஸ்கேன் செய்கிற மெஷினில் உண்மையான எண் இருக்கத்தான் செய்கிறது. பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு அதுதான் போகிறது. திரைக்கு மற்றொன்று போகிறது.

கிளப்புகளை இதற்காகத் திட்டுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. விற்ற டிக்கெட் என்பதும் ஒரு நேர்மையான எண்தான், அது என்ன எண் என்று சொல்லிவிட்டால். சொல்லாமல் விடுவதில்தான் சங்கடம்.

தலைகீழாகவும் நடக்கும். 1923 ஏப்ரல் 28, வெம்பிளி மைதானத்தில் முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். முன்பதிவு கட்டாயமில்லை, வாசலில் காசு கொடுத்து நுழையலாம். பதிவான எண் 1,26,047. சுவர் ஏறிக் குதித்தும் கதவைத் தள்ளியும் வந்தவர்களைச் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். ஆடுகளம் முழுக்கக் கூட்டம். குதிரைப் போலீஸ், அதிலும் பில்லி என்ற வெள்ளைக் குதிரை, மெல்ல மெல்லத் தள்ளிக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோன பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானாவில் பிரேசிலை உருகுவே வென்ற ஆட்டமும் இப்படியே. காசு கொடுத்து வந்தவர்கள் 1,73,850, மொத்தம் இரண்டு லட்சத்தை நெருங்கும் என்பார்கள். இரண்டு எண்ணையும் போட்டுக் குழம்புகிற வினாடி வினாக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் கூட்டம் என்றால் கொல்கத்தா. 1997 ஜூலை 13, சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,31,781 பேர் என்று பதிவாகியிருக்கிறது. பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்து ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்ற ஆட்டம். அதே ஸ்டேடியத்தில் 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு 66,684 பேர், இடம் நிறைந்துவிட்டது. கூட்டம் பாதியாகக் குறைந்ததாக அர்த்தம் இல்லை. ஒருவருக்கு ஒரு நாற்காலி என்று போட்டதும் ஸ்டேடியத்தின் கொள்ளளவே பாதியாகிவிட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து, அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுமுன் நாற்காலியைப் பாருங்கள். அந்த 2017 போட்டி முழுவதற்கும், 52 ஆட்டங்களுக்கு, வந்தவர்கள் 13,47,133. வகுத்தால் ஆட்டத்துக்கு 25,900 சொச்சம். கொல்கத்தா போன்ற இடங்கள் தூக்கிய சராசரியில் சிறிய கூட்டங்கள் மறைந்துகொள்ளும். சராசரியைச் சொல்கிற இடத்தில் அதிகம் எது, குறைவு எது என்றும் கேளுங்கள்.

ஆயிரத்தில் முடிகிற எண் வந்தால் யாரோ கண்ணால் சொன்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஆட்டங்களுக்கு ஒரே எண் வந்தால் அது கூட்டம் அல்ல, கொள்ளளவு.

ராத்திரி நோட்டில் எழுதுவது

ஆட்டம் முடிந்து, டியூப் லைட் வெளிச்சத்தில் ஈசல் பறக்கிற நேரத்தில், காசை எண்ணுகிற மேஜைக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, எந்த அணிகள், மழை தூறியதா, பக்கத்து ஊரில் திருவிழா இருந்ததா. விற்றது, ஓசி, சாக்கில் இருந்த பாதிகள். கேட் வாரியாக கவுன்ட்டர் எண். கட்டம் போட்டு மதிப்பிட்ட உச்சக் கூட்டம், எத்தனை மணிக்கு என்பதோடு. மதிப்பிட்ட எண்ணை இரண்டு முனைகளாக எழுதுங்கள்: 2,200-லிருந்து 2,600 என்பது போல. 2,417 என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கட்டம் போட்டு எண்ணியவன் அப்படி எழுத முடியாது. அடிக்கட்டைகளை நூலில் கட்டி, டப்பாவில் போட்டு, கரையான் ஏறாத இடத்தில் அடுத்த டோர்னமென்ட் வரை வையுங்கள். போன தடவை நாங்கள் ஓலைக் கொட்டகையில் வைத்து, தூளாகத்தான் எடுத்தோம்.

மைக்காரருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். "இன்று டிக்கெட் வாங்கியவர்கள் இத்தனை பேர்" என்று அவர் படிக்கட்டும். முதல் இரண்டு நாள் அவர் முகம் வாடும். பிறகு, "நேற்றைவிட முந்நூற்று இருபது பேர் அதிகம்" என்று முழங்குவதில் அவருக்கே ஒரு சுவை பிடித்துவிட்டது, எங்கள் ஊரில்.

போன வருஷம் கால் இறுதி அன்று காலையில் சுண்டல்காரர் வந்தார். கையில் பத்துக் கிலோ கடலைப் பை. "இன்னைக்கு எத்தனை கிலோண்ணே ஊறப் போடட்டும்?" நான் அதற்கு முந்தைய வருஷத்துக் கால் இறுதிப் பக்கத்தைப் புரட்டி, கேட் கணக்கைச் சொன்னேன். "பொம்பளைங்க, புள்ளைங்க சேர்த்தா?" என்று கேட்டார். சேர்த்துத்தான் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையிலிருந்து பாதியை மட்டும் அளந்து எடுத்தார்.